கடிப்பது நாயின் ரத்தமா, நாம் போட்ட சங்கிலியா?

"மாமா, ராட்வைலர் குட்டி ஒண்ணு வாங்கிட்டேன். அம்மா வேணாம்னு கத்துது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

கெடாரில் இருக்கும் அக்கா மகன் போன் செய்தபோது இரவு ஒன்பது மணி. பின்னாலேயே அக்காவின் குரல். "தம்பி, நீ அவன்கிட்ட சொல்லுடா. அது ரத்தத்துலயே கடிக்கிற சாதி. மெட்ராஸ்ல ஒரு பொம்பளப் புள்ளைய கொதறிப் போட்டுதே, நீ டிவியில பாக்கல?" உடனே அவன், "எந்த நாயும் பொறக்கும்போதே கடிநாயா பொறக்கறதில்ல மாமா. எல்லாம் வளக்கறதுல இருக்குது" என்கிறான்.

விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில், காணை தாண்டினால் கெடார். நெல், கரும்பு, மல்லாட்டை போடுகிற ஊர்ப்பக்கம். ஊருக்குள் வீடு, வெளியே கொல்லையில் ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு பம்புசெட்டு, அங்கே காவலுக்கு ஒரு நாய். எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்களுக்கு இதுதான் அமைப்பு. அக்கா மகன் பெரிய நாய் வாங்கியதற்குக் காரணம் வெறும் ஃபேஷன் என்று சொல்லிவிட முடியாது. போன வருஷம் செம்புக் கம்பிக்காக இரண்டு தடவை அவனுடைய மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதே சமயம், அந்தக் கொல்லையை ஒட்டிய வண்டிப்பாதையில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். பக்கத்துக் கொட்டகையில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது.

ஆகவே இது டீக்கடையில் பேசிவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அக்கா சொல்வது சரியா, அவன் சொல்வது சரியா? இரண்டு பேரும் பாதி சரி. ஆனால் இருவருமே தங்கள் கையில் இருக்கும் பாதியை வைத்து மீதிப் பாதியை மறைக்கிறார்கள். "ரத்தம்" என்று சொல்லிவிட்டால் நாட்டு நாயை 24 மணி நேரமும் கட்டிப்போடுகிற நம்மை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "வளர்ப்பு" என்று சொல்லிவிட்டால் 45 கிலோ நாயை ஏன் வாங்கினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சென்னையில் என்ன நடந்தது?

அக்கா சொன்ன சம்பவம் 2024 மே 5 ஞாயிறன்று நடந்தது. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே தங்கியிருந்த காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்டில், ஜாபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து 55 வயது மதிக்கத்தக்க ஒருவர் இறந்தே போனார். அந்த நாய் தன்னை வளர்த்தவரையும் விட்டுவைக்கவில்லை. இதற்குப் பிறகுதான், 2025 டிசம்பரில், பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனிமேல் புதிய உரிமம் கிடையாது என்று சென்னை மாநகராட்சி தீர்மானம் போட்டது.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2024 மார்ச் 12-ல் மத்திய அரசின் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், மாஸ்டிஃப், டோகோ அர்ஜென்டினோ என 23 வகை நாய்களின் இறக்குமதி, விற்பனை, இனப்பெருக்கம் எல்லாவற்றையும் தடுக்கச் சொன்ன கடிதம் அது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் போட்டது செல்லாது என்று ஏப்ரல் 10-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆயிரம் விளக்குச் சம்பவம் நடந்த சூட்டோடு தமிழக அரசும் அதே 23 வகைகளுக்குத் தடை என்று உத்தரவு வெளியிட்டது. ஓரிரு நாளில் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பட்டியல் போடுவது, எடுப்பது, மறுபடி போடுவது. ஒவ்வொரு தடவையும் விவாதம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: நாயின் மூர்க்கம் இனத்தால் வருகிறதா, பழக்கத்தால் வருகிறதா?

ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்களுக்கு முதலில் ஒரு நரிக் கதை. 1959-ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயேவ் என்ற மரபியல் விஞ்ஞானி ஒரு சோதனையைத் தொடங்கினார். ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கப்பட்ட நரிகளில், மனிதனைப் பார்த்து அதிகம் மிரளாத குட்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்து இனவிருத்தி செய்தார். தலைமுறை தலைமுறையாக இதையே செய்துவந்ததில், சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டால் வாலாட்டும், கையை நக்கும் நரிகள் பிறந்தன. பிற்பாடு அதே ஆய்வகத்தில் எதிர்த்திசையிலும் செய்து பார்த்தார்கள். மிகவும் சீறுகிற நரிகளை மட்டும் இணை சேர்த்தார்கள். அந்த வழிவந்த குட்டியைச் சாதுவான தாயிடம் விட்டு வளர்த்தாலும் சீறல் போகவில்லை. ஆக, குணம் ரத்தத்தில் இறங்கும். இதை மறுப்பதற்கில்லை.

நாய் இனங்கள் உருவானதும் இப்படிப் பொறுக்கி எடுத்துத்தான். ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் மாட்டு வியாபாரிகள் மந்தை ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் ராட்வைலர். அதே நாட்டில் லூயிஸ் டாபர்மேன் என்ற வரி வசூல்காரர் தன் பாதுகாப்புக்காக உருவாக்கிய நாய் டாபர்மேன். (வரி கேட்டுப் போகிறவருக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டிருக்கிறது, நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) பிட்புல்லின் மூதாதைகள் இங்கிலாந்தில் காளையோடும், பிறகு ஒன்றோடு ஒன்றும் மோதவிடப்பட்ட நாய்கள். பிடித்தால் விடாமல் உலுக்குவது அந்த வேலைக்குத் தேவைப்பட்ட குணம். நம்முடைய சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்த வந்தவை. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பெயர் போனவை.

சரி, அப்போ அக்கா சொல்றதுதான் சரியா? அங்கேதான் சிக்கல். 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 101 இனங்களின் குணத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். வெளியாளைக் கண்டு சீறுவது, சொன்னதைப் பிடித்துக்கொள்வது, துரத்துவது போன்ற குணங்களில் இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வேறுபாட்டில் மரபணுவுக்கு நல்ல பங்கு இருப்பதாகத் தெரிந்தது. 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு வேறுமாதிரிக் கேட்டது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் விவரம் வாங்கி, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. எவ்வளவு சீண்டினால் ஒரு நாய்க்குக் கோபம் வரும் என்பதை அதன் இனத்தை வைத்துக் கணிப்பது ஏறக்குறைய வீண்வேலை.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நெல்லை வைத்துச் சொல்கிறேன். பொன்னி விதைத்தால் பொன்னிதான் வரும். மணி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நாய் அப்படி இல்லை. நூறு ராட்வைலரையும் நூறு லேப்ரடாரையும் எடுத்துச் சராசரி பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் உங்கள் வாசலில் நிற்கும் ஒரு ராட்வைலர் சாதுவா, முரடா என்பதை அந்தச் சராசரி சொல்லாது. ஒரே ஈற்றுக் குட்டிகளே ஒன்று பயந்தாங்கொள்ளி, ஒன்று முரடு என்று இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனத்துக்கு 9 சதவீதம் என்றால் மீதி 91-ம் வளர்ப்பு என்று அக்கா மகன் கணக்குப் போட்டான். அதுவும் தப்பு. இனப் பெயருக்கு அப்பால், அந்தத் தனி நாய் தன் தாய் தகப்பனிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்த குணமும் அந்த 91-க்குள்தான் இருக்கிறது. அதனால்தான் குட்டி வாங்கும்போது "என்ன பிரீடு" என்று கேட்பதைவிட "தாயைக் காட்டு" என்று கேட்பது நல்லது. தாய் ஆளைக் கண்டு மிரண்டு உறுமினால் அந்தக் குட்டி வேண்டாம்.

எது அதிகம் கடிக்கிறது? எது ஆழமாகக் கடிக்கிறது?

இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை. 2008-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மனிதர்களிடம் அதிகம் சீறும் நாய்களின் வரிசையில் முன்னால் நின்றவை டாஷண்டும் சிவாவாவும். மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய்கள்! 2021-ல் பின்லாந்தில் 9,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில் முதலிடத்தில் வந்தது, சினிமாவில் குழந்தையைக் காப்பாற்றும் அழகான ரஃப் கோலி. உருவத்தில் சிறிய நாய்கள், பயந்த நாய்கள், வயதான நாய்கள், முதன்முதலாக நாய் வளர்ப்பவரிடம் இருக்கும் நாய்கள் ஆகியவை அதிகம் சீறின.

சிவாவா கடித்தால் ஒரு பிளாஸ்திரி போட்டுக்கொண்டு போய்விடுவோம். செய்தி ஆகாது. ராட்வைலர் கடித்தால் குழந்தையின் தலைத்தோல் போகும். எனவே இனத்துக்கு முக்கியத்துவம் இருப்பது "கடிக்குமா" என்ற கேள்வியில் அல்ல. "கடித்தால் என்ன ஆகும்" என்ற கேள்வியில். என் அபிப்பிராயம் இதுதான்: பெரிய தாடை உள்ள நாயை வைத்திருப்பது லாரி ஓட்டுவது மாதிரி. லாரி தானாக யாரையும் இடிக்காது. அதற்காகச் சைக்கிளுக்கும் லாரிக்கும் ஒரே லைசென்ஸ் கொடுக்க முடியுமா?

பெரியப்பாவின் கொட்டகை நாய்

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டது. அதில் ஒன்றைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு போனார். எடுத்த முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு குட்டியாகக் காதைப் பிடித்துத் தூக்கினார். நாலு குட்டி "கைய்ய்" என்று கத்தியது. ஒன்று மட்டும் கத்தாமல் உறுமியது. "இதான்டா ரோஷமான குட்டி" என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை ரேஷன் கடைப் பக்கம் இருந்த டீக்கடைக்காரர் வைத்துக்கொண்டார். அது அவராக எடுத்ததுகூட இல்லை; தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

பெரியப்பாவின் குட்டியை அன்றைக்கே கொட்டகைத் தூணில் கட்டினார்கள். "பகல்ல நாலு பேரு கண்ணுல பட்டா நாயி பழகிடும்டா, அப்புறம் ராத்திரி காவல் காக்காது" என்பார். ஐந்தடிச் சங்கிலி. காலையில் ஒரு வேளை பழைய சோறு. போகிற வருகிற பையன்கள் கல் எறிவார்கள், நானும் எறிந்திருக்கிறேன். ஒரு வருஷத்தில் அந்த நாய் களை பறிக்க வந்த ஓர் அம்மாவை, பால்காரரை, கடைசியில் பெரியப்பாவின் பேரனையே கடித்தது. மூன்றாவது கடிக்குப் பிறகு அது என்ன ஆனது என்று நான் எழுத வேண்டியதில்லை. டீக்கடை நாய் வயதாகிச் செத்தது. யாரையும் கடித்து நான் கேள்விப்படவில்லை.

ஒரே தாய், ஒரே ஈற்று. பார், வளர்ப்புதான் எல்லாம் என்று ரொம்ப நாள் இதை உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: பெரியப்பா உறுமிய குட்டியையே அல்லவா பார்த்துப் பொறுக்கினார்? முரட்டுக் குட்டியாகத் தேடி எடுத்து, அதையே முரடாகும்படி கட்டிப்போட்டார். ரத்தமும் சங்கிலியும் தனித்தனியாக வந்து சேருவதில்லை. இரண்டையும் கொண்டுவந்து சேர்ப்பது ஒரே ஆள். பிட்புல்லைத் தேடி வாங்குகிறவரிடமும் இதுதான் நடக்கிறது. பயமுறுத்தும் நாய் வேண்டும் என்று தேடுபவர், அதைப் பயமுறுத்தும்படியாகத்தானே வளர்ப்பார்?

சங்கிலி பற்றி நான் சொல்வது வெறும் இரக்கப் பேச்சு இல்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய் கடித்து இறந்த 256 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், கடித்த நேரத்தில் தடுக்கக்கூடிய பெரியவர் பக்கத்தில் இல்லாதது 87 சதவீதச் சம்பவங்களில். கருத்தடை செய்யாத நாய் 84 சதவீதத்தில். வீட்டு மனிதரோடு பழக விடாமல், கட்டியோ அடைத்தோ தனியாக வைக்கப்பட்ட நாய் 76 சதவீதத்தில். பத்தில் எட்டுச் சம்பவங்களில் இப்படி நாலு அல்லது அதற்கு மேற்பட்ட காரணங்கள் ஒன்றாகக் கூடியிருந்தன. நாயின் இனம் என்ன என்பதை நம்பும்படி உறுதிசெய்ய முடிந்ததோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான வழக்குகளில்தான்.

கட்டிப்போட்ட நாய்க்கு ஓட வழியில்லை. பயந்த நாயின் முதல் ஆசை ஓடுவது. அது முடியாதபோது மிச்சம் இருப்பது பல். தூணில் கட்டிய நாய் வட்டத்துக்குள் வரும் எல்லாவற்றையும் எதிரியாகப் பார்ப்பது அதனால்தான். பல நாள் கட்டியிருந்து ஒருநாள் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்று நம் கிராமத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'டிரெய்னிங்' என்று எதைச் சொல்கிறோம்?

அக்கா மகன் "டிரெய்னிங் குடுத்தா சரியாயிடும்" என்றான். உட்கார், எழுந்திரு, கை கொடு என்று சொல்லிக் கொடுப்பதைத்தான் அவன் நினைக்கிறான். அது பிற்பாடு வருவது. அதற்கு முன்னால் நடக்க வேண்டியது ஒன்று உண்டு.

குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலாவது வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கும். 1965-ல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் புத்தகத்தில் விளக்கிய விஷயம் இது. அந்த வாரங்களில் எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ அதெல்லாம் குட்டிக்கு 'சாதாரணம்' என்று பதிந்துவிடும். குழந்தை, குடை பிடித்த ஆள், முண்டாசு, டிராக்டர், சைக்கிள், ஆடு. பார்க்காதது எல்லாம் பிறகு மிரட்சி. மூன்று மாதம் கொட்டகை இருட்டில் கிடந்த குட்டிக்கு உலகமே அந்நியன்.

இங்கே விற்கிறவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. அக்கா மகன் செல்போனில் படம் பார்த்து, பணம் அனுப்பி, கார் டிக்கியில் வரவழைத்த குட்டிக்கு அப்போது வயது 35 நாள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற அளவு குட்டிக்குத் தெரியவருகிறது. ஒன்று "கைய்" என்று கத்தினால் மற்றது விடும். அந்தப் பாடம் நடக்கும்போதே பிரித்துக் கொண்டுவந்துவிட்டு, பிறகு பல்லுக்குக் கணக்கு தெரியவில்லை என்று சொன்னால்?

அடித்துப் பழக்கினால் அடங்கும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. 2009-ல் பென்சில்வேனியாவில், நடத்தைப் பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டார்கள். நாயை அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதத்தினர், பதிலுக்கு நாய் சீறியது அல்லது கடிக்க வந்தது என்றனர். நாய் உறுமுவதற்கு அடி கொடுத்தால் அது உறுமுவதை நிறுத்தும், கடிப்பதை நிறுத்தாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். "ஒண்ணுமே பண்ணல சார், திடீர்னு கடிச்சிடுச்சு" என்பார்களே, அதில் பல கதைகளின் முன்பாதி இதுதான்.

ராணுவ நாயும் போலீஸ் நாயும் பார்க்க மூர்க்கமாக இருக்கும். ஆனால் பாயச் சொன்னால் பாய்வதோடு, விடச் சொன்னால் விடவும் அதற்குத் தெரியும். நம் வீட்டு நாய்களுக்கு நாம் சொல்லித்தருவது முதல் பாதி மட்டும். "புடி புடி" என்று ஏவிவிடத் தெரிந்த அளவுக்கு, திரும்பக் கூப்பிட நமக்கே தெரியாது.

தடை போட்ட நாடுகளில்

பிரிட்டன் 1991-லேயே பிட்புல் உட்பட நாலு வகைகளைத் தடை செய்தது. அதன் பிறகும் நாய்க்கடிக்காக ஆஸ்பத்திரியில் சேருவோர் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது. தடையில் இல்லாத 'எக்ஸ்எல் புல்லி' என்ற புது வகை வந்தது; அது ஆட்களைக் கொன்ற பிறகு, 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இல்லாமல் அதையும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். நெதர்லாந்து 15 ஆண்டுகள் பிட்புல் தடையை வைத்திருந்துவிட்டு, கடிகள் குறையவில்லை என்று 2008-ல் எடுத்துவிட்டது. இத்தாலி பட்டியலைப் பெரிதாக்கியும் சுருக்கியும் பார்த்துவிட்டு 2009-ல் கைவிட்டது. பொறுப்பை உரிமையாளர் தலையில் வைத்தது.

அதனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில், முன் அனுபவம் இல்லாதவர் கையில், சண்டைக்கென்று வந்த வம்ச நாய் எதற்கு? சென்னை மாநகராட்சி அந்த இரண்டு இனங்களுக்குப் புது உரிமம் நிறுத்தியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது பெரிய காயங்களில் சிலவற்றைத்தான் குறைக்கும். தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். இவ்வளவு கடியையும் கடித்தது பிட்புல்லா? தெருநாயும், வேலி இல்லாத வீட்டு நாட்டு நாயும்தானே! காங்கயம், வெள்ளக்கோவில் பக்கம் இரவோடு இரவாக ஆட்டுப் பட்டிகளில் புகுந்து கொன்ற நாய்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. கூட்டம் சேர்ந்ததும் வேட்டைக் குணம் தலைதூக்கிய சாதாரண நாய்கள். விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடித்தான் இழப்பீடு அறிவிப்பு வாங்கினார்கள்.

கெடாரில் யார் கேட்பது?

நாயை அஜாக்கிரதையாக வைத்து ஆளுக்கு ஆபத்து உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289. காகிதத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் நாய் கடித்தால் என்ன நடக்கும்? கடித்த நாய்க்காரர் ஊசிக்கு ஆட்டோ காசு கொடுப்பார்; பெரியவர்கள் பேசி முடிப்பார்கள்; நாய் அதே தூணில் அதே சங்கிலியில் இருக்கும். அடுத்த கடிக்கு அங்கேயே காத்திருக்கும்.

சென்னையில் உரிமம், வாய்மூடி, அபராதம் என்று பேசுகிறோம். ஊராட்சியில் நாய்க்கு உரிமம் என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத் தோன்றுவது இது: இனத்தைக் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயத்தைக் கேட்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி போட்டாச்சா, கருத்தடை ஆச்சா, கட்டாமலே நாயை உள்ளே நிறுத்தி வைக்க வேலி இருக்கிறதா. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கால்நடை மருந்தகத்தில் முகாம் போடும்போதே நாய்க்கும் சேர்த்துப் போட்டு, ஊராட்சி நோட்டில் எழுதி வைக்கலாம். ஒரு தடவை கடித்த நாய்க்குத் தனிப் பக்கம். இரண்டாவது தடவை கடித்தால் நாயை அல்ல, ஆளைக் கூப்பிட வேண்டும். இதற்கு டெல்லி கடிதம் தேவையில்லை.

நடுவில் ஒரு விஷயம், சொல்லாமல் விட்டால் தப்பு. எந்த நாய் கடித்தாலும், கீறலாக இருந்தாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். ஆழமான காயம் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டதில் போன உயிர்கள் உண்டு.

பொங்கலுக்குக் கெடார் போயிருந்தேன். குட்டிக்குப் பன்னிரண்டு வாரம். நான் பயந்த மாதிரியே கொட்டகைத் தூணில்தான் இருந்தது. "ஆளுங்க பழகிட்டா காவல் காக்காதுன்னு பசங்க சொல்றாங்க மாமா" என்றான். பெரியப்பாவின் வாக்கியம் அப்படியே, முப்பது வருஷம் கழித்து.

"நாய் திருடனைக் கண்டுபிடிக்கணும்னா முதல்ல திருடன் இல்லாதவங்க எப்படி இருப்பாங்கன்னு அதுக்குத் தெரியணும்டா" என்று சொல்லி, குட்டியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தோம். தடுப்பூசி முழுவதும் முடியாததால் தரையில் விடவில்லை. அவன் கையிலேயே இருந்தது. திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்ததும் நடுங்கிப்போய் அவன் கக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அக்கா "கடிக்கிற சாதி" என்று பயந்த நாய். டீக்கடையில் நாலு பேர் தடவிக் கொடுத்தார்கள். பக்கத்துக் கொட்டகைக் குழந்தை முதலில் வராமல் அம்மா சேலைக்குப் பின்னால் நின்றது. நாங்களும் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது தானாக வந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியது.

"கருத்தடை பண்ணா வீரியம் போயிடாதா மாமா?" என்று கேட்டான். மோட்டார் வயரை அறுக்க வருகிறவன் அதைக் கேட்டுவிட்டு வர மாட்டான் என்றேன். நாய் வளர்ந்த பிறகும் குழந்தை இருக்கும் இடத்தில் பெரியவர் யாராவது கூட நிற்காமல் விடக்கூடாது, ரோட்டுக்கு வந்தால் வாரும் வாய்மூடியும் கட்டாயம், எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி என்று சொன்னதற்கு மட்டும் முகம் சுருங்கியது. பழகிய நாய்க்கு எதற்கு என்றான். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

சங்கிலியைக் கழற்றித் தூணில் இருந்த ஆணியில் மாட்டினேன். "ராத்திரிக்கு மட்டும் கட்டிக்கிறேன் மாமா" என்றான். கொட்டகையைச் சுற்றி வலைக்கம்பி போட எத்தனை அடி வேணும், விழுப்புரத்துல இப்ப என்ன விலை என்று அக்கா கேட்டார்.